டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் குட்டி பிசி: கேஸைத் தயார் செய்வது

மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டு 170 மி.மீ. சதுரம். அதற்கென்று செய்த எந்தக் குட்டி கேஸிலும் உட்கார்ந்துவிடும். இடிப்பது பிராசசர் மேல் உட்காரும் கூலரின் உயரம்தான். போர்டைத் தாங்கும் ஸ்டாண்டாஃப் (கேஸில் நிற்கும் குட்டித் திருகுத் தூண்) நுனியிலிருந்து மூடி வரை அளந்து பாருங்கள். கூலர் ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல் இடமாவது வேண்டும். ஒட்டி நின்றால் காற்று திணறி, படம் அமைதியாகும் நேரத்தில் 'உய்ய்ய்' என்று கேட்கும்.

பிராசசர், ரேம், கூலர் எல்லாவற்றையும் கேஸுக்கு வெளியிலேயே போர்டில் மாட்டிவிடுங்கள். எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் பல ஐடிஎக்ஸ் போர்டுகளில் அடிப்பக்கம் இருக்கும். மறந்தால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். ஸ்டாண்டாஃப் நான்குதான். தேவையில்லாத இடத்தில் ஐந்தாவது இருந்தால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும், எடுத்துவிடுங்கள்.

ஐஓ தகட்டை (கேஸின் பின்பக்கம் கேபிள் துளைகளோடு வரும் தகடு) முதலில் அழுத்திப் பொருத்துங்கள். அதன் மெல்லிய நாக்கு ஒன்று எச்டிஎம்ஐ துளைக்குள் மடங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். பிராசசருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிளைப் போர்டு இறங்கும் முன்பே மூலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு விரல் நுழையாது.

பவர் எல்இடி வயரை மாட்டவே வேண்டாம். இருட்டில் அந்த நீல வெளிச்சம் கண்ணைக் குத்தும்.