பனிக்கு மேலே ஒரு சிறு குன்று

மூடுபனியை மேலிருந்து பார்க்க உயர்ந்த மலை எதுவும் தேவையில்லை. சுற்றியுள்ள தாழ்நிலத்தைவிட நூறு, நூற்றைம்பது மீட்டர் உயர்ந்த ஒரு குன்றே போதும் என்பதோடு, அதுவே சிறந்தது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையை எனக்குத் தந்த ஒரு விடியற்கால நடையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முந்தைய நாள் மழை பெய்து மண் ஊறியிருந்தது. மாலையில் மேகம் கலைந்து வானம் தெளிந்தது. இரவில் இலை அசையாத அளவுக்குக் காற்று அடங்கிவிட்டது. மறுநாள் பனி இறங்கும் என்பதற்கு இவற்றைவிட நல்ல அறிகுறிகள் இல்லை. மேகப் போர்வை இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்து குளிர, அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளின் வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே இத்தகைய மூடுபனி தாழ்நிலத்தைத்தான் முதலில் நிரப்புகிறது.

கிழக்கு வெளுப்பதற்கு வெகுமுன்பே அடிவாரத்திலிருந்து நடக்கத் தொடங்கினேன். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையையே வானிலையாளர்கள் மூடுபனி என்கிறார்கள். அன்று பத்தடிக்கு அப்பாலிருந்த பாறைகூடத் தெரியவில்லை. டார்ச் விளக்கைக் கண்மட்டத்தில் பிடித்தால் துளிகளில் பட்ட ஒளி திரும்பிவந்து வெண்சுவராகக் கண்ணை மறைக்கும். அதனால் இடுப்புக்குக் கீழே இறக்கி, பாதையில் மட்டும் ஒளி விழும்படி பிடித்துக்கொண்டேன். எங்கோ தொலைவில் குரைத்த நாயின் ஒலி மிக அருகிலிருப்பதுபோல் கேட்டது. கீழே குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் இருக்கும் காற்று ஒலியலைகளைத் தரையை நோக்கி வளைத்துவிடுவதே அதற்குக் காரணம்.

உச்சிக்குச் சற்று முன்பாக, கண்ணுக்குத் தெரியும் முன்பே என் கன்னத்துக்குத்தான் மாற்றம் தெரிந்தது. ஈரமும் நடுக்கமுமாக இருந்த காற்று சில அடிகளுக்குள் உலர்ந்து இதமானது. மேலே போகப்போகக் குளிரும் என்பதுதான் நமக்குப் பழகிய விதி; வளிமண்டலத்தின் கீழடுக்கில் சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இத்தகைய அமைதியான இரவுகளில் அந்த விதி தலைகீழாகி, வெப்பமான காற்று குளிர்ந்த காற்றின் மேல் மூடிபோல் அமர்ந்து பனியை மேலெழவிடாமல் தடுக்கிறது. அந்த எல்லையை உடம்பால் கடந்துசெல்வது, எனக்கு, கதிரவன் எழுவதைக் காண்பதற்குச் சற்றும் குறைந்த அனுபவமன்று.

மேலே வந்து நின்றபோது தாழ்நிலம் முழுவதும் மறைந்து, வெண்பரப்பு மட்டுமே கண்ணெட்டும் தொலைவுவரை விரிந்திருந்தது. சிறு குன்றின் சிறப்பு இங்கேதான் விளங்கியது. பெரிய மலையிலிருந்து பார்த்தால் அது அசைவற்ற வெள்ளைத் தளமாகவே தெரிந்திருக்கும். காலடிக்குச் சில மீட்டர் கீழே மட்டுமே இருந்ததால், அது மெல்ல அலையெழுப்பிக் குன்றின் தோளில் ஏறுவதையும், தாழ்ந்த கணவாயில் வழிந்து மறுபக்கம் இறங்குவதையும், இறங்கும்போதே கரைந்து இல்லாமல் போவதையும் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது.

கதிரவன் சற்று மேலேறியதும் மேற்கு விளிம்புக்குச் சென்றேன். பனியின்மீது என் நிழல் நீண்டு விழுந்திருக்க, தலையைச் சுற்றி உட்புறம் நீலமும் வெளிப்புறம் சிவப்புமாக வண்ண வளையங்கள் தெரிந்தன. ஜெர்மனியின் ப்ராக்கன் மலையில் அடிக்கடி காணப்பட்டதால் இந்தப் பெருநிழலுக்கு அம்மலையின் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்தில் யார் நின்றாலும் அவரவர் தலையைச் சுற்றியே அவரவருக்கு வளையம் தெரியும்; ஒளி வந்த திசையிலேயே துளிகளிலிருந்து திரும்புவதால் அப்படி அமைகிறது. 1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் உச்சியிலிருந்த வானிலை ஆய்வகத்தில் தங்கியிருந்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இத்தகைய வளையங்களைக் கண்டு, அவற்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க விரும்பிச் செயற்கை மேகம் செய்யத் தொடங்கினார். அந்த முயற்சி, மின்னூட்டம் பெற்ற துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறையாக வளர்ந்து 1927-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசைத் தந்தது. மலையுச்சியில் ஒருவர் கண்ட அழகு அணுவின் உள்ளே பார்க்கும் கருவியாக மாறியதை எண்ணுகையில் எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

கதிரவன் எழுந்தவுடன் பனி போய்விடும் என்று எண்ணிப் பலர் உடனே இறங்கிவிடுகிறார்கள். தரை மிகவும் குளிர்ந்திருப்பது பெரும்பாலும் கதிரவன் எழுந்த சிறிது நேரத்துக்குப் பிறகுதான். அப்போது பனி இன்னும் அடர்வதுகூட உண்டு. அதன்பின் மெலிந்த ஓரங்களில் தரை முதலில் சூடேற, பனி விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கரைகிறது. முதலில் மரத்தலைகள், பிறகு மேட்டு வயல்கள், கடைசியாக ஆற்றுப் பள்ளம் என்று நிலம் தவணை தவணையாகத் திரும்பி வருகிறது. ஏறுபவர்கள் இதற்காகவும் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது பாறைகளில் படிந்த ஈரம் உலர்ந்திருக்காது என்பதால், நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம்.