நீல நிறப் பக்கம்: ஜெர்மனியில் வாக்கெண்ணிய ஒரு நாள்

2024 கோடையில் எனக்கு ஜெர்மன் பிரசாவுரிமை கிடைத்தது. அந்த நவம்பரில் அப்போதைய சான்சலர் ஷோல்ஸின் கூட்டணி அரசு உடைந்து, அடுத்த செப்டெம்பரில் வரவேண்டிய நாடாளுமன்றத் தேர்தல் 2025 பெப்ரவரி 23க்கு முன்னுக்கு வந்துவிட்டது. வாக்களிப்பு நிலையங்களில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று நகரசபை கேட்டிருந்தது. பிரசையாக இருந்தால் போதும். வாழ்க்கையில் முதல்தடவை இந்த நாட்டில் வாக்களிக்கப் போகிறேன், அதை எண்ணவும் செய்து பார்ப்போம் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மாதிரி வாக்குச்சீட்டு தந்தார்கள். ஒரே தாளில் இரண்டு நிரல்கள். இடப்பக்கம் கறுப்பு எழுத்து: இது எர்ஸ்ட்ஷ்டிம்மே, முதலாவது வாக்கு, தொகுதி வேட்பாளருக்கு. வலப்பக்கம் நீல எழுத்து: ட்ஸ்வைட்ஷ்டிம்மே, இரண்டாவது வாக்கு, கட்சியின் மாநிலப் பட்டியலுக்கு. பக்கத்துக்கு ஒரு புள்ளடி. நீலப் பக்கத்தின் தலைப்பில், எந்தக் கட்சிக்கு மொத்தம் எத்தனை ஆசனம் என்பதைத் தீர்மானிக்கும் வாக்கு இதுதான் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. எத்தனை பேர் அதை வாசிக்கிறார்கள்?

எங்கள் ஆட்கள் இதில் தடுமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, அதற்குப் பிறகுதான் ஆட்களுக்கு விருப்பு வாக்கு. முதலில் இடுவதுதான் பிரதானம் என்று கை பழகிவிட்டது. இங்கே அந்த ஒழுங்கு தலைகீழ். 'இரண்டாவது' என்று பெயர் வைத்த வாக்குத்தான் பெரியது. அந்தப் பெயரையே மாற்றவேண்டும் என்பது என் எண்ணம்.

தேர்தல் நாள் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் நின்றோம். பெட்டி வெறுமையாக இருப்பதை எல்லோருமாகப் பார்த்து, பூட்டி, எட்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். எனக்கு வாக்குச்சீட்டுக் கொடுக்கும் வேலை. பகல் பெரும்பாலும் அமைதியாகத்தான் போனது. ஒரு வயதான அம்மா மட்டும் மறைப்புக்குள் போய்க் கனநேரம் நின்றுவிட்டு, சீட்டை மடித்துப் பிடித்தபடி என்னிடமே திரும்பி வந்தார். இடப்பக்கத்திலேயே இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டுவிட்டாராம். குரல் நடுங்கியது. பயப்படவேண்டாம், பெட்டிக்குள் போடாதவரை புதுச் சீட்டு வாங்கலாம் என்று சொன்னேன். பழைய சீட்டை எங்கள் முன்னால் தானே கிழித்துவிட்டு, புதியதை வாங்கிக்கொண்டு போனார். இந்த வசதி இருப்பது தெரியாமல் எத்தனை பேர் பிழையான சீட்டை அப்படியே போட்டுவிட்டுப் போயிருப்பார்களோ!

ஆறு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. கதவைப் பூட்டவில்லை. வாக்கெண்ணலை யாரும் வந்து நின்று பார்க்கலாம் என்பது சட்டம். இரண்டு இளைஞர்கள் கடைசிவரை சுவரோரமாக நின்றார்கள். பயன்படாத சீட்டுகளை மேசையிலிருந்து அகற்றிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தோம். மடித்த தாள் குவியலை ஒவ்வொன்றாக விரித்து எண்ணினால் 611. வாக்காளர் இடாப்பில் அடையாளமிட்டவர்கள் 612. மறுபடி எண்ணினோம். அதே 611. தலைமை அலுவலர் பதறவே இல்லை. கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். மூன்றாம் தடவையில் என் கையில்தான் அது அகப்பட்டது: ஒரு சீட்டின் மடிப்புக்குள் இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இவ்வளவு நேரம் ஒரு தாளுக்காகவா என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பிறகு தரம் பிரித்தல். இரண்டு பக்கமும் ஒரே கட்சிக்குப் போட்டவை கட்சிவாரியாக ஒரு கட்டு. வேட்பாளர் ஒரு கட்சி, பட்டியல் இன்னொரு கட்சி என்று பிரித்துப் போட்டவையும், ஒரு பக்கம் மட்டும் போட்டவையும் இரண்டாவது கட்டு. ஒன்றுமே போடாதவை மூன்றாவது. சந்தேகமானவை தனியே. இரண்டாவது கட்டுத்தான் கடினம். அதை முதலில் நீலப் பக்கத்தின்படி அடுக்கி எண்ணி, பிறகு முழுவதையும் கலைத்து, கறுப்புப் பக்கத்தின்படி மீண்டும் அடுக்கவேண்டும். சந்தேகமான ஒரு சீட்டில் ஒரு புள்ளடியை வெட்டிவிட்டு, மற்றதுக்குப் பக்கத்தில் 'இதுதான்' என்று எழுதியிருந்தது. நோக்கம் தெளிவு என்று கூடிப் பேசி வாக்கெடுத்து ஏற்றுக்கொண்டோம். எல்லாம் சரி பார்த்து முடிவைத் தொலைபேசியில் நகரசபைக்குச் சொல்லும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

நாங்கள் எண்ணியது எப்படி ஆசனமாகிறது என்பது அடுத்த நாள்தான் எனக்கு முழுதாக விளங்கியது. ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக்கில் இப்போது 630 ஆசனங்கள், தொகுதிகள் 299. முதலில் நீலப் பக்கத்து வாக்குகளை நாடு முழுக்கக் கூட்டி, 5 சதவீதத்தைத் தாண்டிய கட்சிகளுக்கு அந்த விகிதத்தில் 630ஐயும் பங்கிடுவார்கள். மூன்று தொகுதிகளில் முதலிடம் பெற்ற கட்சிக்கும், சிறுபான்மைத் தேசிய இனத்தின் கட்சிக்கும் 5 சதவீத வரம்பு இல்லை. டென்மார்க் எல்லையில் உள்ள டேனிய சிறுபான்மையினரின் எஸ்எஸ்டபிள்யூ கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைத்தது அப்படித்தான். ஒவ்வொரு கட்சியின் பங்கும் மாநிலம் மாநிலமாகப் பிரியும். அதை அந்த மாநிலத்தில் அந்தக் கட்சிக்காக வென்ற தொகுதி வேட்பாளர்கள் முதலில் நிரப்புவார்கள், மிச்சம் பட்டியலில் உள்ளவர்களுக்கு.

பங்கைவிட அதிகமான தொகுதிகளில் வென்றிருந்தால்? முன்பு அவர்களையும் உள்ளே விட்டு, மற்றக் கட்சிகளுக்கு ஈடாக மேலதிக ஆசனங்கள் கொடுத்தார்கள். அதனால் 2021இல் நாடாளுமன்றம் 736 பேராக வீங்கியது. 2023 சட்டத்தின்படி இப்போது அப்படி இல்லை. ஒரு கட்சியின் மாநிலப் பங்கு 14, வென்ற தொகுதிகள் 16 என்றால், அந்த 16 பேரில் வாக்கு வீதம் குறைந்த இருவர் வெளியே நிற்கவேண்டும். இந்தத் தேர்தலில் தொகுதியில் முதலாவதாக வந்தும் 23 பேர் உள்ளே போகவில்லை. விகிதம் நேராக இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கறுப்புப் பக்கத்தை அவ்வளவு கவனமாக எண்ணியவள் என்ற முறையில், அந்த 23 தொகுதி மக்களை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சி 4.98 சதவீதத்தில் நின்றுபோனது. 5 சதவீத வரம்புக்கு நாடு முழுவதிலும் பத்தாயிரம் வாக்குகூடக் குறையவில்லை. அந்தக் கட்சிக்கு நான் வாக்களிக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் பார்த்ததும் மடிப்புக்குள் ஒட்டியிருந்த அந்தச் சீட்டுத்தான் ஞாபகம் வந்தது.

திங்கள் பின்னேரம் மாமா தொலைபேசி எடுத்தார். பத்து நாளுக்கு முன்னரே தபாலில் வாக்கைப் போட்டுவிட்டார், என்னிடம் கேட்கவில்லை.

"பிள்ளை, நான் இடப்பக்கத்திலதான் போட்டனான். முதலாவதுதானே பெரிசு எண்டு மற்றப் பக்கத்தை விட்டுட்டன். அது எந்தக் கட்டுக்குப் போயிருக்கும்?"

"இரண்டாவது கட்டுக்கு மாமா. உங்கட வேட்பாளருக்கு எண்ணியிருப்பினம். கட்சிக் கணக்கில வராது."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமியும் அப்பிடித்தான் போட்டவ" என்றார். வாற சனிக்கிழமை மாதிரிச் சீட்டைக் கொண்டு வருகிறேன், இரண்டு பேரும் வீட்டில் நில்லுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.