சுந்தரர் பறிகொடுத்த வழி

திருமுருகன்பூண்டிக்கும் அவிநாசிக்கும் நடுவே ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் சுந்தரர் கதை உண்டு. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அவிநாசியில் சாமி கும்பிட்டு, பெரிய தேரைப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் பூண்டியில் எட்டிப் பார்ப்பார்கள். கதைப்படி இது தலைகீழ். பூண்டிதான் முதலில்.

சேர மன்னர் சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் வாங்கிக்கொண்டு சுந்தரர் திரும்புகிறார். பூண்டிப் பக்கம் சிவகணங்கள் வேடர் வேஷத்தில் வந்து அத்தனையையும் பறித்துக்கொள்கின்றன. அவர் பாடிய பதிகத்தைக் கையோடு கொண்டுபோய் அந்தக் கோவிலில் உட்கார்ந்து படியுங்கள். பக்தியைவிடப் புகார்தான் அதிகம். வில்லோடு வடுக வேடுவர் வந்து மிரட்டி, குத்தி, 'கூறை கொண்டு ஆறலைக்கும் இடம்' இது. இங்கே எதற்கய்யா குடியிருக்கிறீர் என்று சிவனையே கேட்கிறார். ஆறலைத்தல் என்றால் வழிப்பறி. கூறை, கட்டியிருக்கும் துணி. அதையும் விடவில்லை!

பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்கும் கொங்குக்கும் சரக்கு போய்வந்த நாடு இது. கோவைக்கு அருகே ராஜகேசரிப் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் கல்வெட்டு இன்றும் பாறையில் இருக்கிறது. பொதி போகிற வழியில் கள்ளனும் இருப்பான். அவிநாசிக் கதையில் முதலை பிள்ளையைக் கக்கியதை நம்பாதவர்கூட இதை நம்புவார். கதை எந்த இடத்தில் நிஜ ஊரோடு உரசுகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் கிளம்பி வருகிறார்கள் என்பது என் கணக்கு.

பூண்டிக் கோவிலில் சுந்தரர் சிற்பம் இரண்டு. ஒன்று பறிகொடுத்த முகம், மற்றது பொருள் திரும்பக் கிடைத்த முகம். அவசரப்படாமல் மாறி மாறிப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் கூப்பிடு பிள்ளையார். பொருள் இருந்த இடத்தைக் காட்டக் கூப்பிட்டவர் அவர்தானாம்.

காலை ஏழு மணிக்குப் பூண்டியில் இருந்தால் பத்துக்குள் அவிநாசி. தாமதித்தால் மதியம் நடை சாத்திவிடுவார்கள், பிறகு நாலு மணி வரை காத்துக் கிடக்க வேண்டும். வெயில் ஏறினால் பிரகாரக் கல்லில் கால் வைக்க முடியாது.

அவிநாசிக் கதை அடுத்த சேர நாட்டுப் பயணத்தில் நடந்தது. ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. சேர்ந்து குளித்த இரண்டு பையன்களில் ஒருவனை முன்னமே முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் பதிகம் பாட, முதலை அவனைத் திருப்பிக் கொடுத்தது. பதிகத்தில் 'கரைக்கால் முதலை' என்று வருகிறது. அந்தக் கரை கோவிலுக்குள் இல்லை. பலர் கோட்டை விடுவது இங்கேதான். "தாமரைக்குளம் எங்கேங்க?" என்று கேட்டுப் போங்கள், ஒரு கிலோமீட்டர் இருக்கும். சின்னக் கோவில், முதலை வாயிலிருந்து வெளியே வரும் பிள்ளை. விழுங்கிய வயதில் வரவில்லை, இடைப்பட்ட வருஷங்களும் சேர்ந்து வளர்ந்தே வந்தான். பிள்ளையைத் தரச் சொல்லி, பாட்டு முதலையோடு காலனையும் (எமனையும்) சேர்த்துக் கேட்பதன் காரணம் அது.

குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் முகம் சுளிக்காதீர்கள். தலக்கதையிலும் அது வற்றித்தான் கிடந்தது.