நெல் இலையும் ஒரு சொட்டு மருந்தும்

கதிர் அறுக்கும்போது நெல் இலை கண்ணில் கீறியதை மாமா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் தாய்ப்பால் விட்டார்கள். மூன்றாம் நாள் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. அது ஸ்டீராய்டு. கீறல் வழியே கண்ணில் புகுந்திருந்த பூஞ்சைக்கு அது எரு போட்ட மாதிரி! கருவிழியில் வெள்ளையாகப் புண் படர்ந்த பிறகுதான் கண் டாக்டரிடம் போனார்.

டாக்டர் எழுதிக்கொடுத்தது நாட்டமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு மருந்து. பால் போல் வெள்ளையாக இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. அத்தை செல்போனில் அலாரம் வைத்து விட்டார், பாவம்.

பழைய மருந்தாயிற்றே, புதிதாக ஏதும் இல்லையா என்று எனக்கும் சந்தேகம். தேடிப் படித்தேன். வோரிகோனசோல் என்ற புதிய மருந்துதான் மேல் என்று பலரும் நம்பிய காலத்தில், நம் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பிராக்டர் கண் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இரண்டையும் நேருக்கு நேர் சோதித்திருக்கிறார்கள். 323 நோயாளிகள். யாருக்கு எந்தச் சொட்டு என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2013-இல் முடிவு வெளியானது: ஜெயித்தது பழசு. அதுவும் நம் பக்கம் அதிகம் வரும் ஃபியூசேரியம் பூஞ்சையில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. கருவிழி ஓட்டையாவதும் குறைவு.

இதே நாட்டமைசினைப் பாலாடைக்கட்டியில் பூசணம் பிடிக்காமலிருக்கவும் தடவுவார்களாம். மாமாவிடம் சொன்னேன். சிரித்தார்.

புண் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, பார்வை கொஞ்சம் மங்கல்தான். நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறார்.