நண்டு போட்டுக் கொடுத்த கதை

எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைதான் நல்ல படக்கதையில் முதலில் சிரிக்கும். சரளமாக வாசிக்கும் பிள்ளை வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டிருக்கும். படத்தைப் பார்க்க அதற்கு ஏது நேரம்? கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் எடுக்கிறேன். வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். தேர்வில் பின்தங்கிய கூட்டம் படக்கதை வாசிக்கும் அரை மணி நேரத்துக்கு முன்வரிசைக்கு வந்துவிடும்.

பாட் ஹட்சின்ஸ் 1968-ல் எழுதி வரைந்த 'ரோஸீஸ் வாக்' என்ற புத்தகத்தில் மொத்தமே 32 சொற்கள். கோழி உலாவப் போகிறது, முற்றத்தைக் கடக்கிறது, குளத்தைச் சுற்றுகிறது, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. அவ்வளவுதான் எழுத்து. படத்திலோ ஒரு நரி கோழிக்குப் பின்னாலேயே வருகிறது. வைக்கோல் வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, மாவு கொட்டி மூழ்குகிறது, கடைசியில் தேனீக்கள் விரட்ட ஓடியே போகிறது. எழுத்தில் எங்கும் நரி என்ற பேச்சே கிடையாது.

நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "கோழி குளத்தைச் சுற்றி நடந்தது" என்று மட்டும் தமிழில் சொல்வேன்.

"டீச்சர், பின்னாடி நரி!"

"எங்க? அப்படி எதுவும் எழுதலையே."

இந்தப் பதிலுக்கே வகுப்பு எழுந்து நின்றுவிடும். மூன்றாம் வகுப்புக்கு நான் நடிக்கிறேன் என்று தெரியும். இரண்டாம் வகுப்பில் சிலருக்கு என் கண்மேலேயே சந்தேகம். புத்தகத்தில் இருப்பதைச் சொல் என்று தினமும் அதட்டுகிற ஆள், புத்தகத்தில் இருப்பதே தெரியாமல் நிற்கிறாள்; அவர்களுக்குக் குதூகலம் அதில்தான். நரி விழுவது அதற்கு அடுத்தபடிதான்.

அப்புறம் வழக்கமாக ஒரு சண்டை வரும். நரி பின்னால் வருவது கோழிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தே நரியைச் சுற்றவிட்டு அடிபட வைத்தது என்று ஒரு கட்சி. அது ஒரு மக்குக் கோழி, தப்பித்தது அதிர்ஷ்டம் என்று இன்னொரு கட்சி. நான் தீர்ப்புச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் அந்தப் புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது ஜான் கிளாசனின் மீன் கதை. 2012-ல் வந்தது, அடுத்த ஆண்டே படக்கதைகளுக்கான அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம் வாங்கியது. ஒரு சின்ன மீன், தூங்கிக்கொண்டிருந்த பெரிய மீனின் தொப்பியைத் திருடிக்கொண்டு போகிறது. கதையைச் சொல்வதும் அந்தத் திருடன்தான். முதலில் நான் மாட்டிக்கொள்வது பெரிய மீன் கண்மூடித் தூங்கும் பக்கத்தில். "மீனு கண்ணை மூடாது டீச்சர்" என்று யாராவது ஒருத்தர் எழுந்துவிடுவார். துறைமுகத்தில் கூடை கூடையாக மீன் பார்த்து வளர்ந்தவர்களிடம் என்ன வாதம் செய்வது? சரி, இது கதை மீன் என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுவேன். இப்போதைக்கு அது எழுந்திருக்காது என்று திருடன் சொல்லும்போது படத்தில் கண் அகலத் திறந்திருக்கும். நண்டு ஒன்று என்னைப் பார்த்தது, ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றது என்பான். படத்தில் அந்த நண்டு பெரிய மீனுக்கு வழியைக் கைகாட்டிக்கொண்டிருக்கும். "நண்டு போட்டுக் குடுத்துருச்சு!" என்ற கூச்சல் சத்துணவுக்கூடம் வரைக்கும் கேட்கும்.

கடைசிச் சில பக்கங்களில் எழுத்தே இல்லை. அடர்ந்த கடற்செடிகளுக்குள் இரண்டும் போகின்றன. வெளியே வருவது தொப்பி போட்ட பெரிய மீன் மட்டும். பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியை என் காதில், "சின்ன மீனுக்கு என்னக்கா ஆச்சு?" என்றார். முன்னால் இருந்த பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வேற என்ன, தின்னுருக்கும்" என்றான். பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதில் அதிர்ச்சி அடைவதற்கு அவர்களுக்கு ஒன்றுமில்லை. திருடினால் தண்டனை உண்டு என்று முடிவில் சொல்லலாமே என்றார் ஆசிரியை. சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கடைசி வரை திருடன் மாட்டக்கூடாது என்றுதான் பதறிக்கொண்டிருந்தார்கள். மாட்டிக்கொள்வான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பவர்களிடம் போய் எந்த நீதியைச் சொல்வது?

பெரியவர்களின் பயம் எல்லா ஊரிலும் உண்டு. மாரிஸ் செண்டாக் 1970-ல் ஒரு படக்கதையில் அம்மணமாக ஒரு பையனை வரைந்தார் என்று அமெரிக்க நூலகர்கள் சிலர் அச்சான புத்தகத்தில் பெயின்ட்டால் அவனுக்கு அரைத்துணி கட்டிவிட்டார்கள். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். 1969-ல் வில்லியம் ஸ்டெய்க் ஒரு படக்கதையில் கழுதைகளுக்கு நடுவே போலீஸ்காரர்களைப் பன்றிகளாக வரைந்திருந்தார். அங்கிருந்த போலீஸ் சங்கம் புகார் செய்தது. இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. வெளியே போய்ச் சொல்லிவைக்காதே என்றார்கள்.

நம்மிடம் இந்தச் சிரிப்பு இல்லாமல் இல்லை. இங்கிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில், புதுச்சேரியில்தான் கி. ராஜநாராயணன் தன் கடைசி முப்பது சொச்சம் ஆண்டுகளைக் கழித்தார். பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தவர், 2021-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவர் திரட்டிய நாட்டுப்புறக் கதைகளில் பெரிய மனிதர்கள் மானம் போய் நிற்கும் இடங்கள் எத்தனை! வாயில் இருந்ததெல்லாம் பிள்ளைகளுக்கான அச்சுக்கு வரும்போதுதான் தலைவாரிப் பவுடர் பூசி, கடைசிப் பக்கத்தில் நீதியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. "குரங்கு மரத்தில் ஏறியது" என்று எழுத்து இருந்தால் படத்திலும் குரங்கு மரத்தில் ஏறும். பிள்ளைக்குக் கண்டுபிடிக்க அங்கே என்ன மிச்சம்? 2023-ல் அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. பாடப்புத்தகத்தின் சாயல் குறைவு. நீதிப் பெட்டி இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

பிள்ளைகள் சிரிப்பதெல்லாம் நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். நன்கொடையாக வந்த புத்தகம் ஒன்றில் குண்டுப் பையன் ஜன்னலில் சிக்கிக்கொள்வதுதான் வேடிக்கை. அதற்கும் வகுப்பு சிரித்தது. ஆனால் சிரித்துவிட்டு எல்லோரும் ஒரே பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் புத்தகம் இப்போது பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. நரி விழுந்தால் யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன ஆண்டு அவர்களையே புத்தகம் செய்யச் சொன்னேன். எழுத்து எல்லாம் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும், படத்தில் என்ன வேண்டுமானாலும் வரையலாம் என்பது மட்டும்தான் விதி. "எங்கள் பள்ளி" என்று ஒன்று வந்தது. "நாங்கள் மதிய உணவை வீணாக்க மாட்டோம்": படத்தில் ஜன்னலுக்கு வெளியே ஆடு ஒன்று முட்டையோடு நிற்கிறது. "எங்கள் ஆசிரியர்கள் அன்பானவர்கள்": படத்தில் புடவை கட்டிய ஆள் முதுகுக்குப் பின்னால் நீளமாக எதையோ மறைத்து வைத்திருக்கிறார். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்த பிறகு எங்கள் பள்ளியில் பிரம்பு கிடையாது. ஸ்கேல் உண்டு.

மறுவாரம் வட்டாரக் கல்வி அலுவலர் வருவதாக இருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று தலைமையாசிரியர் கேட்டார். எழுத்தில் ஒரு குறையும் இல்லையே சார் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். அப்படியே இருக்கட்டும், ஆனால் ஸ்கேல் இருக்கிற பக்கம் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தி வை என்றார்.