அழிக்கப்பட்ட குரல்பதிவு

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றிய என் ஆய்வில் பாதி நேர்காணல்கூட முடிந்திருக்கவில்லை. மிச்சத்தை வாட்ஸப்பில்தான் செய்தேன்.

முதலில் கேள்விகளைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். “சரிங்க”, “ஆமாங்க”, ஒரு கும்பிடு. அதோடு நின்றுவிடும். பவர்டேபிள் என்னும் மின் தையல் இயந்திரம் ஓட்டும் ஒரு அக்காதான் வழி காட்டினார்: “எழுத வராது கண்ணு, பேசி அனுப்பட்டுமா?” அன்றிலிருந்து நானும் குரலிலேயே கேட்டேன். மூன்று நிமிடம், ஏழு நிமிடம் என்று பதில்கள் வந்தன. ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாள்களின் கால்வலி, வாரக்கூலி நின்றபின் ரேஷன் அரிசியில் ஓட்டிய கணக்கு. பின்னால் குக்கர் விசில். நேரில் என்றால் அடுத்த கேள்வியோடு நான் குறுக்கே விழுந்திருப்பேன். இங்கே அவர்களே நிறுத்தி, யோசித்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள்.

இடையில் எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்தது என் தவறு. ஒருவர் எண் மற்றவர் அனைவருக்கும் தெரிந்துவிட்டது. அன்றே கலைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அதைவிடப் பெரிய பாடம் பிறகு வந்தது. 2016 முதலே வாட்ஸப் செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். ஆனால் அந்த வீடுகளில் போன் ஒன்றுதான். பகலில் மகனின் ஆன்லைன் வகுப்பு, மாலையில் கணவர் கையில்.

ஒருநாள் இரவு 11.40க்கு அந்த அக்காவிடமிருந்து ஒரு பதிவு. தாழ்ந்த குரல், பக்கத்தில் குழாய் சொட்டும் சத்தம். கேட்டு முடித்த சற்று நேரத்தில் அது அழிக்கப்பட்டிருந்தது. அழித்தது அவரா, வேறு யாராவதா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வியை யார் படிப்பார்கள் என்றும் தெரியாதே. ஆய்வுக்கு மிகவும் தேவைப்பட்ட பேச்சு அது. கேட்டது நினைவில் இருந்தும் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. ஒப்புதல் என்பது படிவத்தோடு முடிவதில்லை. அழித்ததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப்பின் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி: “இந்த போன் எந்நேரம் உங்க கையில இருக்குங்க?”

மறுநாள் காலை அக்கா அனுப்பியிருந்தார்: “சாப்டீங்ளா கண்ணு?”

“சாப்ட்டேங்க்கா” என்று மட்டும் பதில் அனுப்பினேன்.