இரண்டு பேர் பெயரில் இருந்தவை

2025 பிப்ரவரி 3

இன்று முதல் தடவையாக வக்கீலைப் பார்த்தேன். அண்ணன் கூட வந்தான். நானும் கணவரும் பரஸ்பர சம்மதத்தில்தான் பிரிகிறோம், சண்டை போட இருவருக்குமே தெம்பில்லை, சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நினைப்பில்தான் போனேன். ஏன் பிரிகிறீர்கள் என்று வக்கீலம்மா கேட்கவே இல்லை. "வீடு யார் பேர்ல? லோன் யார் பேர்ல?" என்றுதான் ஆரம்பித்தார்.

இரண்டுமே இருவர் பெயரிலும். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியதில் பாதி தானாகவே மனைவிக்கு வந்துவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையாம். பத்திரத்தில் யார் பெயர், பணம் யார் போட்டது, இதைத்தான் பார்ப்பார்கள். கிளம்பும்போது சொன்னார்: "கோர்ட் பிரிக்கிறது கல்யாணத்தைத்தான்மா. மத்ததெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசி எழுதினாத்தான் பிரியும்."

பிப்ரவரி 16

ஞாயிறு முழுக்க நகைப் பட்டியல். அம்மா பழைய துணிப்பையைக் கொண்டுவந்து கொட்டினாள். ரசீதுகள் பாதிக்கு மேல் மங்கிவிட்டன. சிலவற்றில் எடை மட்டும் தெரிகிறது, தேதி இல்லை. கல்யாண ஆல்பத்தைத் திறந்துவைத்து, கழுத்தில் கிடப்பது எது, கையில் கிடப்பது எது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அந்தப் படங்களை இப்படி ஒரு வேலைக்காகப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. அம்மா நடுவில் எழுந்து போய்விட்டாள்.

கல்யாணத்தின்போதும் அதன்பிறகும் பெண்ணுக்கென்று கொடுத்தது ஸ்திரீதனம். அது அவளுக்கே சொந்தம், புகுந்த வீட்டார் வைத்திருந்தாலும் அவளுக்காக வைத்திருப்பவர்கள் மட்டும்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் எது கொடுத்தார்கள் என்று காட்ட வேண்டுமே. பெண்களுக்கு ஒன்று சொல்வேன்: நகை ரசீதை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பிரச்சினை இருக்கிறதோ இல்லையோ, எடுத்து வையுங்கள்.

ஆறு வளையல்களில் நான்குதான் இருக்கின்றன. இரண்டை விற்று வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். விற்ற சீட்டு கிடைக்கவில்லை. வங்கிக் கணக்கில் அந்த வாரம் பணம் ஏறியது மட்டும் தெரிகிறது.

மார்ச் 4

வக்கீலம்மா ஒரு படிவம் கொடுத்தார். ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து, கடன், வரவு, செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று 2020-ல் ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, மாதிரியும் கொடுத்திருக்கிறது. நாங்கள் ஜீவனாம்ச வழக்கு போடவில்லை. இருந்தாலும், "ரெண்டு பேரும் தனித்தனியா இதை நிரப்பிட்டு அப்புறம் பேசுங்க" என்றார்.

என் பகுதியை நிரப்பவே மூன்று ராத்திரி ஆனது. கணவருடைய பி.எஃப். எவ்வளவு, இன்சூரன்ஸ் எத்தனை, கிரெடிட் கார்டு பாக்கி எவ்வளவு, ஒன்றும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

மார்ச் 20

அவர் நிரப்பிய படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில், கேட்காமலேயே, தன் கையால் எழுதியிருந்தார்: "வீட்டு முன்பணத்தில் இரண்டு வளையல் விற்ற பணம் அவளுடையது." கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு அதன்பின் சுலபமானது. எனக்கு வரும் ஜீவனாம்சம் மாதாமாதமா, மொத்தமாகவா என்பதில்தான் குழம்பினேன். மாதத் தொகையை நிலைமை மாறினால் கூட்டவோ குறைக்கவோ இந்துத் திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் கேட்கலாம். அது நல்லதும்தான், பயமும்தான். வரிக்கு, மாதம் வாங்குவது என் வருமானமாகக் கணக்காகும், மொத்தமாக வருவதைப் பொதுவாக வருமானமாக இல்லாமல் மூலதன வரவாகப் பார்ப்பார்கள் என்று ஆடிட்டர் சொன்னார். மொத்தமே சரி என்று முடிவு செய்தேன். மகளுக்கு மட்டும் மாதாமாதம், படிப்புச் செலவு தனி. 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று நான் எழுதிக் கொடுப்பது என்னோடு போயிற்று. பிள்ளையின் ஜீவனாம்சத்தை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது, அது பிள்ளையின் உரிமை. இதை வக்கீலம்மா இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 11

வங்கி. இன்றைக்குத்தான் உண்மையிலேயே பயந்தேன். வீட்டை நான் வைத்துக்கொள்வது, மீதி தவணையை நான் கட்டுவது என்று பேசி வைத்திருந்தோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது உங்களுக்குள் உள்ள ஒப்பந்தம், வங்கி அதில் ஒரு தரப்பு இல்லை என்றார். கோர்ட் உத்தரவே வந்தாலும் லோனில் இருவரும் கடனாளிதான். நான் ஒரு மாதம் தவறினால் அவருடைய கிரெடிட் ஸ்கோரும் இறங்கும். அவர் பெயரை எடுக்க வேண்டுமென்றால், என் ஒற்றைச் சம்பளத்துக்கு இந்தக் கடன் தாங்குமா என்று புதிதாகப் பார்ப்பார்கள். அப்புறம் அவர் தன் பங்கை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும்.

லோன் தனி, பத்திரம் தனி. ஒன்றை முடித்தால் மற்றது முடிந்துவிடாது. மனுவோடு சேரும் ஒப்பந்தத்தில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொன்னேன்.

ஏப்ரல் 28

மனு தாக்கல். இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நாங்கள் ஒன்றேகால் வருஷம். இனி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் சொன்ன நிபந்தனைகளில் ஒன்று, மொத்தம் ஒன்றரை வருஷம் பிரிந்திருப்பது. நமக்குப் பொருந்தாது, காத்திருக்கலாம் என்றார் வக்கீலம்மா.

ஜூலை 19

இறுதி உத்தரவுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால்தான் தொகையில் பாதி முதல் மனுவின்போது, மீதி இரண்டாவது வாய்தாவில் டி.டி.யாக. அவர் மாற மாட்டார் என்று நம்புகிறேன். இருந்தாலும் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது.

நவம்பர் 3

முடிந்தது. உங்கள் விருப்பப்படிதானா, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று நீதிபதி கேட்டார். விருப்பப்படிதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று இருவரும் சொன்னோம். டி.டி. என் கையில். வெளியே வந்ததும் அவர், "பாப்பாவோட ஃபீஸ் தேதி மறக்க மாட்டேன்" என்றார். சரி என்றேன்.

நவம்பர் 17

உத்தரவின் சான்றிட்ட நகல் ஐந்து வாங்கினேன். வங்கிக்கு ஒன்று, பி.எஃப்-க்கு ஒன்று. வங்கி என் சம்பளத்துக்குச் சம்மதித்துவிட்டது. பத்திரப் பதிவு அடுத்த வாரம்.

ராத்திரி இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்தேன். விவாகரத்து ஆனதால் நாமினி தானாக மாறாது, நான்தான் மாற்ற வேண்டும். பழைய படிவத்தின் நகலில் என் கையெழுத்தில் அவர் பெயர், பக்கத்தில் உறவுமுறை: கணவர். புதுப் படிவத்தில் மகளின் பெயரை எழுதினேன். மைனர் என்பதால் காப்பாளர் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது, அவரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்குப் போன் போட்டு நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.